பதினோரு மணிக் காய்ச்சல்

போளூரிலிருந்து மலையேறும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்:

“என் லேப்டாப்புக்கு தினம் பதினோரு மணிக்கு காய்ச்சல் வருதுக்கா.”

“இன்னாடி சொல்ற?”

“சூடாகி தானா நின்னுடும். வூட்லருந்து வேலை பாத்தது போதும், சென்னைக்கே வந்துடுன்னு ஆபீசுல சொல்லிட்டாங்க. அப்பதான் நிமிசத்துக்கு ஒருதரம் சூட்டை அதுவே ஒரு ஃபைல்ல குறிச்சு வைக்கிற மாதிரி பண்ணேன்.”

போனில் கிராஃப் காட்டினாள். கோடு தினமும் பதினோரு மணிக்குச் செங்குத்தாக ஏறியிருந்தது.

“அந்நேரம் ஆட்டுக்கு தழை போட போவேன். ஒருநாள் போகாம ஒளிஞ்சு பாத்தா, நம்ம கோழி லேப்டாப் பின்னால கதகதப்பா ஒக்காந்து முட்டை போடுது. காத்து போற ஓட்டையே அடைஞ்சிபோச்சு.”

அக்கா சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“கோழிய இன்னா பண்ண?”

“தனியா கூடை வச்சிட்டேன். கோடு இப்ப நேரா போவுது. ஆபீசுக்கும் இந்த கிராஃப் படத்த அனுப்பினேன். மலையிலயே இருன்னுட்டாங்க.”