சோத்துப் பானை

ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் லுக்குட் போகும் பஸ்ஸில் முன் இருக்கைப் பெண்மணியின் குரல் அப்படி. தன் வீட்டில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் சூடான் நாட்டு மாணவனைப் பற்றிப் பக்கத்திலிருந்த தோழியிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“தெனமும் காலையில விசாரணைதான். வீட்டுக்காரர் எப்படி, பிள்ளைங்க எப்படி, ஒங்கம்மா எப்படின்னு ஒவ்வொருத்தரா கேக்குறான். அவனுக்கு எதுக்கு லா?”

“உளவு பாக்குறான்க்கா. ஜாக்கிரதை.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். நேத்து நேராவே கேட்டுட்டேன். அவங்க ஊருல வணக்கம் சொல்றதே அப்படித்தானாம். அதோட விட்டானா? ‘ஆண்ட்டி, நான் உள்ள வந்ததுமே சாப்டியா சாப்டியான்னு கேக்குறீங்களே, ஒங்க பானையில கைவச்சேன்னு சந்தேகமா’ன்னுட்டான்.”

“ஐயோ! அது நாம எல்லாரையும் கேக்குறதுதானே?”

“அதத்தான் சொன்னேன். சிரிச்சிட்டான்.”

பஸ் செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பியது.

“ஏங்க்கா, நெசமாவே பானையத் தொறந்து பாக்கலியா?”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மொத மாசம் மட்டும் பாத்தேன்.”