நைலான் கயிறும் என் அண்ணன் போட்ட முடிச்சும்

என் பெயர் செல்லி, வயது சுமார் இருபத்தெட்டு, தேன் எடுக்க இறங்கிச் செத்துப்போன அர்ச்சுனனின் மனைவி, ஜவ்வாது மலை மேல்புங்கமேட்டில் குடியிருக்கிறேன். காவலில் இருக்கும் சக்கரவர்த்தி என் கூடப்பிறந்த அண்ணன். அவர்தான் முடிச்சை அவிழ்த்துக் கொன்றார் என்று போலீஸில் முதலில் சொன்னவள் நான். இன்று 1964-ஆம் வருடம் ஜூன் 18-ஆம் தேதி, மாஜிஸ்திரேட் ஐயா முன்பாக, யாரும் மிரட்டாமல் நானாகச் சொல்வதாவது.

எங்கள் ஊரில் பாறைத் தேனுக்கு இறங்குகிறவனுக்கு மேலே கயிறு கட்டிக் காவல் இருப்பது பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான். தங்கச்சி தாலியை அவன் அறுக்க மாட்டான் என்பது நம்பிக்கை. எனக்கு அது இல்லை. மாசி மாதம் புளியமரப் பங்கில் என் புருஷனுக்கும் அண்ணனுக்கும் கைகலப்பு ஆனபின் அண்ணன் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பாறையில் இறங்கும் கத்தாழை நார்க் கயிறோ அவர் வீட்டுப் பரணில் கிடந்தது. உள்ளுக்குள் நாலு புரியை அறுத்து வைத்தால் யாருக்குத் தெரியும் என்று எனக்குத் தூக்கம் போயிற்று.

அதன்பின் சந்தைக்குத் தேன் வாங்க வரும் வாணியம்பாடி பாஷா பாயிடம் அறாத கயிறு உண்டா என்று கேட்டேன். அவர் வெள்ளை நைலான் கயிற்றைக் காட்டி, "நார்க் கயிறுன்னா துண்டு துண்டு நாரு, சொரசொரன்னு ஒன்னை ஒன்னு புடிச்சிக்கினு நிக்கும். இது பாகு காச்சி இழுத்த இழைம்மா, முனைக்கு முனை ஒரே இழை. இழுக்கச் சொல்லோ உள்ள கண்ணுக்குத் தெரியாத சங்கிலிங்க ஒரே வாக்கா படிஞ்சிடுதாம், மெட்ராஸ்ல சொன்னாங்க. அறவே அறாது" என்றார். அறாது என்பது மட்டும்தான் என் காதில் ஏறியது. வாங்கி வந்தேன். என் புருஷன் அதைத் தொட்டுப் பார்த்து, "இன்னாத்துக்கு இது, வழுக்குது" என்றார். பழைய கயிற்றில் இறங்கினால் நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தேன்.

சென்ற மாதம் 26-ஆம் தேதி காலை அண்ணன் பாறை மேல் மரத்தில் அந்த நைலான் கயிற்றைக் கட்டினார். எங்கள் அப்பா போட்ட அதே இரண்டு சுற்று முடிச்சு. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பின் பானையோடு பாறை அடிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் என் புருஷன் எனக்கு முன்னால் விழுந்தார், கயிறும் கூடவே வந்து விழுந்தது. முனையில் அறுந்த பிசிர் ஒன்றுகூட இல்லை. அவிழ்த்துவிட்டாய் என்று கத்தினேன். அண்ணன் மேலிருந்து இறங்கி ஓடி வந்து, "நான் தொடலம்மா" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின், முடிச்சு தானாக அவிழாது என்று ஊருக்குக் காட்டி அவரை உள்ளேயே வைக்க வேண்டும் என்று, வீட்டில் மீந்திருந்த நைலான் துண்டில் அதே முடிச்சுப் போட்டு, சாமை மூட்டையைப் புளியமரத்தில் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டு கோபால்சாமி சாட்சி. ஆள் அசைகிற மாதிரி மூட்டையை ஆட்டிவிட்டோம். கயிறு நீண்டு நீண்டு சுருங்கியது, முடிச்சு விரல் விரலாக நழுவி, யாரும் தொடாமலே மூட்டை கீழே விழுந்தது. மூன்று தடவையும் அப்படியே. முனைக்கு முனை ஒரே இழை என்பதால்தான் அது அறாது, அதனாலேயே வழவழவென்று முடிச்சையும் பிடிக்காது. இத்தனை வருடம் அந்த முடிச்சைக் காப்பாற்றியது நாரின் சொரசொரப்பு.

அதன்பின் அண்ணன் வீட்டுப் பரணிலிருந்து பழைய நார்க் கயிற்றை இறக்கி, அதே முடிச்சில் அதே மூட்டையைக் கட்டி ஆட்டிவிட்டேன். பொழுது சாயும்வரை மூட்டை விழவில்லை. அப்போதும் மனசு கேட்காமல் புரி புரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு நாரும் அறுபடவில்லை. அண்ணனை விட்டுவிடுங்கள். கயிற்றை மாற்றியது நான்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. முன்பு அண்ணன் அவிழ்த்தார் என்று சொன்னது கண்ணால் பார்த்ததல்ல, என் சந்தேகம். மற்றதெல்லாம் நிஜம்.

(செல்லி, இடது கைப் பெருவிரல் ரேகை)