டிராகன் தலைக்குள்ள யார் உட்காருறது?

...ஸ்கூல் பிள்ளைங்களுக்குப் புது வேன் ஒப்பந்தத்தைப் பத்திப் பேச வந்த இடத்துல இவ எதுக்கு வாளைத் தூக்கிட்டு வர்றான்னு நினைக்காதீங்க. சின்னக் கதைதான். சொல்லிட்டு நேரா வேனுக்கே வந்துடுறேன்.

தூத்துக்குடி பக்கம் ஒரு மாதா கோயில். திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் போடுவாங்க. அந்தக் காலத்து ஐரோப்பாவுல, இரும்புக் கவசம் போட்ட வீரன் ஒருத்தன் டிராகனைக் கொல்ற கதை. போன வருஷம் அட்டையில வாள் செஞ்சு ஜிகினாத் தாள் ஒட்டினாங்க. வீரன் ஓங்கி வெட்டினான்... வாள் மடங்கிடுச்சு. டிராகன் சிரிச்சிடுச்சு! பக்கத்து ஊர்க்காரங்க இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க.

விடுவாங்களா? இந்த வருஷம் நிஜ இரும்பு வாள்தான்னு முடிவு. நாடகச் சாமான் விக்கிற தாசையா அண்ணாச்சி ரெண்டு வாளோட வந்து இறங்கினார். ரெண்டும் ஒரே விலை.

ஒண்ணு... கண்ணாடி மாதிரி மின்னுது. கைப்பிடியில சிங்கத் தலை. சிங்கத்துக்குக் கண்ணு ரெண்டும் சிவப்புக் கல். கனம் மூணு கிலோ! இன்னொண்ணு சாம்பல் நிறம். சிலுவை மாதிரி ஒரு குறுக்குக் கட்டை, கைப்பிடியில தோல் சுத்தியிருக்கு. அவ்வளவுதான்.

வீரனா நடிக்கிற ரொசாரியோ எதை எடுப்பார்? எடுத்தார் சிங்கத்தை. முதல்ல என்ன சோதனை பண்ணினார் தெரியுமா? அதுல மீசையைப் பார்த்தார்! "ஏ, கனத்தைப் பாருங்கலே! இதுல்லா வாளு!"

எல்லாரும் கை தட்டுறாங்க. ஒருத்தி மட்டும் தட்டல. மெட்டில்டா. ஏன்னா டிராகனோட தலைக்குள்ள உட்காரப் போறது அவ மக ரெனிட்டா, ஏழாங்கிளாஸ். அந்த வாள் வீசப்போறது அவ மக தலைக்கு மேல, ஒரு முழ உயரத்துல. நாலு நாளா மெட்டில்டா போன்ல வாள் வீடியோவா பார்த்திருக்கா. மீன் குழம்பு ரெண்டு தடவை அடிபிடிச்சிருக்கு.

அவ கேட்டா: "அண்ணாச்சி, கைப்பிடிக்குள்ள இரும்பு எப்படிப் போகுது? முழுசாப் போகுதா, வாலு மாதிரி ஒல்லியாப் போகுதா?"

"உள்ள போனா என்ன தங்கச்சி? வெட்டுறது வெளிய இருக்கிறதுதானே!"

சிரிப்பு!

"இல்ல அண்ணாச்சி... அந்தக் காலத்து ஒத்தைக்கை வாளே ஒண்ணேகால் கிலோதானாம். இது மூணு கிலோ. அதோட இவ்வளவு நீளத்துக்கு இப்படி மின்னுற எவர்சில்வரு ஓங்கி அடிச்சா ஒடிஞ்சு போகுமாமே. கரண்டிக்குத்தான் அது நல்லதாம்..."

ரொசாரியோவுக்கு எரிச்சல். "மைனி, நீங்க வாள் வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பார்க்க வந்தீங்களா?"

அண்ணாச்சி நெஞ்சுல கை வச்சார். "இருவது வருஷமா வியாபாரம் பண்ணுதேன். என்மேல நம்பிக்கை இல்லையா தங்கச்சி?"

இந்தக் கேள்வி வந்தா என்ன ஆகும்? நாம தலையைக் குனிஞ்சுக்குவோம். மெட்டில்டாவும் ஒரு நிமிஷம் குனிஞ்சா. அப்புறம்... நிமிர்ந்தா.

"நம்பிக்கை இருக்கு அண்ணாச்சி. அந்த டிராகன் தலைக்குள்ள நீங்க செத்த உட்காருங்க. ரொசாரியோ நாலு வீச்சு வீசட்டும்."

கை தட்டினவங்க எல்லாரும் அண்ணாச்சி பக்கம் திரும்பினாங்க.

அண்ணாச்சி டிராகனைப் பார்த்தார். வாளைப் பார்த்தார். "எனக்கு... வீசிங் இருக்கும்மா. உள்ள மூச்சு முட்டும்." சொல்லும்போதே கால் ரெண்டடி பின்னால போகுது.

"சரி அண்ணாச்சி. அந்தச் சாம்பல் வாளை வீசினா உட்காருவீங்களா?"

என்ன நடந்துச்சு தெரியுமா? அண்ணாச்சி வேட்டியை மடிச்சுக் கட்டினார். விறுவிறுன்னு போனார். டிராகன் தலையைத் தூக்கி மாட்டினார். உள்ளேயிருந்து சத்தம் வருது... "ம், வீசும்வே!"

வீசிங் எங்கே போச்சு? அப்பவே போச்சு!

ரொசாரியோ சாம்பல் வாளை எடுத்து வீசினார். கைக்கு இலகுவா நிக்குது. வளைச்சா வளையுது, விட்டா நேராகுது. ஆட்டினா கைப்பிடியில ஒரு சத்தம் கிடையாது. கைப்பிடிக்குள்ள இரும்பு முழுசாப் போய், நுனியில இருக்கிற குமிழுக்கு மேல அடிச்சு மடக்கியிருக்கு. அப்புறம் அவரே சிங்கத்தைக் காதுகிட்ட வச்சு ஆட்டினார். கிலுக்... கிலுக்... சிங்கத் தலையைத் திருகிக் கழற்றினார். உள்ள பென்சில் மொத்தத்துல ஒரு கம்பி. அகலமான வாளோட அதை ஒரே ஒரு பொட்டு வெல்டிங்தான் பிடிச்சிட்டு இருக்கு.

சிங்கத்தைத் தரையில வச்சார்... தூங்குற பிள்ளையைத் தொட்டில்ல போடுற மாதிரி வச்சார்.

இப்ப சொல்லுங்க. அந்த வாள் எப்படிப்பட்டதுன்னு அண்ணாச்சிக்குத் தெரியாதா? கண்டிப்பாத் தெரியும்! வாள் நல்லா இருக்கான்னு மட்டும் கேட்டிருந்தா அவருக்கு வசதியாப் போயிருக்கும். நாமளும் அப்படித்தானே கேக்குறோம்? "சார், வண்டி நல்லா இருக்கா?" இல்லைன்னு எந்த மகராசன் சொல்லுவான்? "டிரைவர் நல்லவரா?" தங்கமானவர்னுதான் சொல்லுவாங்க. பிரேக் எப்ப பார்த்தீங்கன்னு கேட்டா மட்டும், "என்னம்மா, நம்பிக்கை இல்லையா?" உடனே நமக்குக் கூசிப்போகுது. பயந்தாங்கொள்ளின்னு பேர் வந்துடுமே...

வரட்டுமே! எனக்கு அந்தப் பேர் வந்து மூணு வருஷம் ஆகுது. என் மகளுக்கும் மூணு வயசு.

அம்மாக்களே, அப்பாக்களே, விக்கிறவங்களை அந்தச் சாமானுக்குள்ள உட்கார வச்சுப் பாருங்க. வெளிய வராண்டாவுல மூணு வேன்காரங்க காத்திருக்காங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் ஒண்ணே ஒண்ணு கேக்கப்போறேன்: "உங்க வீட்டுப் பிள்ளையை இந்த வேன்லதான் அனுப்புறீங்களா?" அவங்க என்ன பதில் சொல்றாங்கங்கிறதை நான் எழுதிக்கிறேன். நீங்க எல்லாரும் அவங்க கால் பின்னால போகுதான்னு பாருங்க.

ம்... முதல் ஆளைக் கூப்பிடுங்க.