ஆர்க்கிட்டுக்கு ஒரு சாக்கு

— லேப்ல இந்த ரேக்கு இன்னிக்குக் காலியா இருக்கணும்னுதானே பேச்சு, மாதேஸ்வரி? டிஷ்யூ கல்ச்சர் வாழைக்கன்னு பாட்டிலுங்க டிராலில நிக்குது.

— அந்தாண்ட கீழ்த்தட்டுல கொஞ்சம் இடம் இருக்குது, கரீம் அண்ணே.

— பாரும்மா, காட்டு ஆர்க்கிட்டு போன வாரம் ஒரு தட்டுதான் இருந்துச்சு. இப்ப மூணு தட்டுல நிக்குது.

— குருத்தைப் பிரிச்சுப் புதுப் பாட்டில்ல போட்டேன்.

— ஓனர் கிருஷ்ணப்பன் சார் போன்ல என்ன சொன்னாரு? அந்த ஆர்க்கிட்டு சாக்குன்னாரு. கன்னடத்துல சாக்குன்னா போதும்னுதானே? எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல வேக வச்சுக் கொட்டிட்டு பாட்டிலைக் கழுவியிருக்கணும்.

— வளர்த்துன்னும் அர்த்தம் இருக்குதுண்ணே. எங்க ஊட்டுல கன்னடந்தானே. ஆடு வளர்த்தறதையும் சாக்கறதுன்னுதான் சொல்லுவோம்.

— நல்ல சாக்கும்மா இது.

— நெசமாத்தாண்ணே. எங்க சூளகிரில யாரை வேணா கேளுங்க.

— பாரும்மா, சாருக்குப் பதில் சொல்றவன் நானு. ஆர்க்கிட்டு ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சு, வாழைக்கு ஆர்டர் நிக்குது. பின்னால வேணும்னா மலைக்குப் போயி காய் பறிச்சுக்கினு வந்து முளைக்க வச்சுக்கலாம்.

— எந்த மலைக்கு? ஞாயித்துக்கிழமை குருபரப்பள்ளி பக்கம் போயிருந்தேன். நாம காய் எடுத்த பாறையே இல்ல. க்வாரிக்கு வெடி வச்சுட்டாங்க. சுத்திச் சுத்திப் பாத்தேன், ஒரு செடி கூட இல்ல.

— வேற எங்கயாவது இருக்கும்.

— நீங்களுந்தானே கூட வந்து தேடினீங்க. அங்க மட்டுந்தானே கெடச்சுது. இப்ப இந்தப் பாட்டிலுக்குள்ள இருக்கறதுதான் மிச்சம். வேக வச்சா அதோட முடிஞ்சுது. எனக்கு மனசு வரலண்ணே.

— இதைச் சார்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— சொன்னா, காலி பண்ணுன்னு தமிழ்லயே சொல்லிடுவாரு.

— ம். அன்னிக்கு ஸ்பீக்கர்லதானே பேசினாரு, நானும் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். சாக்கு சாக்குன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. ரெண்டு வாட்டி சேத்துச் சொன்னாலும் வளர்த்துன்னு வருமா?

— வராதுண்ணே. அப்படிச் சொன்னா போதும்னு மட்டுந்தான்.

— தெரிஞ்சேதான் பிரிச்சிருக்க.

— ஆமா. வேலைய விட்டு நிறுத்தினாலும் நிறுத்தட்டும்.

— வாழை டிராலியை அந்தாண்ட ரூமுக்குத் தள்ளு. சார் மத்தியானம் வருவாரு. கேட்டா நான் சொல்லிக்கறேன், எனக்கு ஒரு வாட்டிதான் காதுல விழுந்துச்சுன்னு.