லுஹர் நேரத்தில் ஒரு கேள்வி

கலேவெலயிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தொப்பி போட்ட இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

"இனிமே நான் நம்ம மிளகுக் கடையில முன்னால நின்னு தொழுவிக்கப் போறதில்ல, மச்சான்."

"ஏன்? கடையில வேல செய்றவங்களுக்கு இத்தன வருஷமா நீங்கதானே இமாம்?"

"ஒரு மூட்டையக் காணல்லன்னு, நிறுக்கிற காசிமைக் கள்ளன்னு சொல்லிட்டேன். பொறகு பாத்தா மூட்டை லொறியிலேயே இருந்திச்சு. அவன் மனசு ஆறட்டும்னு நேத்து லுஹர், பகல் தொழுகைக்கு, அவனையே தொழுவிக்கச் சொன்னேன்."

"நல்லதுதானே?"

"அவன் முன்னால வரல்ல. 'எல்லாரும் கேக்கத்தானே கள்ளன்னு சொன்னீங்க, மொதலாளி? இல்லன்னும் எல்லாரும் கேக்கச் சொல்லுங்க'ன்னான்."

"சொன்னீங்களா?"

மொதலாளி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அவனுக்கு முதுகக் காட்டி கிப்லாவுக்குத் திரும்பி, 'அல்லாஹு அக்பர்'னு நானே தக்பீர் கட்டி தொழுகையத் தொடங்கிட்டேன்."