மூக்கில் ஈயம் வைக்காத ஜெட்

விளக்கு எரியட்டும். அணைத்தால் நான் சொல்ல மாட்டேன்.

மாலை ஐந்தரை மணி. மீன்பிடி ஊரான யாய்சுவில் கடலை ஒட்டிப் போகும் சாலை. ஜனவரி மாதம், அதற்குள் கும்மிருட்டு... நம் மாடல் கிளப்பில் இருக்கும் கவாயின் பெரியப்பா மகன் டெட்சுரோ தனியாக வீட்டுக்கு நடக்கிறான். கையில் ஒரு காகிதப் பை. உள்ளே ஜெட் விமான மாடல் பெட்டி.

அவன் தம்பி யசுஹிகோ விமானப்படையில் ஓட்டிய அதே ரகம். ஒரு மாதத்துக்கு முன் தம்பியின் விமானம் கடலில் விழுந்தது. வால் துண்டு கிடைத்தது... ஆள் கிடைக்கவில்லை. டெட்சுரோவுக்கு அழுகை வரவில்லை, பசியும் இல்லை. மனசு மரத்துப் போயிருந்தது.

இறந்தவருக்குச் செய்யும் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு நெருங்கியது. அம்மா அவன் இறந்ததை ஒத்துக்கொள்ளவே இல்லை. "எம்புள்ள பாராசூட்ல குதிச்சிருப்பான். எங்கயாவது கரை ஏறியிருப்பான்." புத்தர் மாடத்தில் மகனுடைய படம் வைக்கக்கூட விடவில்லை. மாடல் வைக்க மட்டும் சம்மதித்தாள்.

"ஆனா உள்ள ஆள் பொம்மை வைக்காதடா. சீட்டும் வேணாம். சீட்டோடதானே குதிப்பாங்க?"

"சரிம்மா."

பத்து நாள் வேலை. நறுக்கினான், தேய்த்தான், ஒட்டினான். கை அது பாட்டுக்குச் செய்தது. சீட்டு இல்லாமல் கண்ணாடி மூடியைப் பொருத்தி, ஓரமெல்லாம் பசை ஓடவிட்டான். வர்ணம் காய்ந்ததும் சக்கரத்தில் நிறுத்தினான்.

டொக்.

வால் தரையில் இடித்தது, மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. நம்மில் யார்தான் இதைச் செய்யவில்லை? ஒட்டுவதற்கு முன் மூக்குக்குள் ஈயக் குண்டு வைக்க வேண்டும், அவன் மறந்துவிட்டான். இனி உடைத்தால்தான் உண்டு. அன்று அங்கே போயிருந்த கவாய் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏன்டா, இருபது வருஷமா இதே பொழப்பு... நாய்க்குட்டி மாதிரி உக்கார வச்சிருக்கியே!"

டெட்சுரோ சிரிக்கவில்லை. அப்படியே மாடத்தில் கொண்டுபோய் வைத்தான்.

மறுநாள் சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள்.

"டெட்சு, சரி பண்ணிட்டியா? நேரா நிக்குதே."

"நான் தொடவே இல்லையேம்மா."

மூன்று சக்கரமும் மாடத்துப் பலகையில் ஊன்றி நின்றது. தூக்கினான்... முன்பக்கம் கனத்தது. கவிழ்த்துப் பார்த்தான். ஒட்டு எங்கும் விடவில்லை. காதருகே வைத்துக் குலுக்கினான், எதுவும் உருளவில்லை. கனம் மூக்கில்கூட இல்லை. கொஞ்சம் பின்னால்... விமானி உட்காரும் இடத்தில்.

வாசனை வந்தது. பசை இல்லை, பெயின்ட் தின்னர் இல்லை. உப்புத் தண்ணீரும், ஜெட்டுக்கு ஊற்றும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை.

கண்ணாடி மூடி உள்பக்கமாக வெள்ளையாகப் பனித்திருந்தது. இன்ஸ்டன்ட் பசை பட்டால் அப்படி ஆகும், நமக்குத் தெரியும். அவன் அதை உபயோகிக்கவே இல்லை. விரலால் துடைத்தான். போகவில்லை.

அப்போது அந்த வெள்ளையில் ஓர் அரிசி அளவு இடம் தெளிந்தது. உள்ளேயிருந்து... மெதுவாக, இடமும் வலமுமாக. பிறகு மறுபடி பனித்தது. மறுபடி துடைபட்டது.

அம்மாவும் பார்த்தாள். கத்தவில்லை. அவள் வாய் மட்டும், "குதிக்கலையா... குதிக்கலையாடா நீ..." என்று முணுமுணுத்தது.

டெட்சுரோவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. தம்பி போன பிறகு முதல் தடவை. மேசைக்கு ஓடிக் கத்தியை எடுத்துவந்து, மூடியின் ஓரத்தில் நுனியைச் செருகினான். லேசாக நெம்பினால் போதும், கழன்றுவிடும்.

அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"தொறக்காதடா," என்றாள் சாதாரணமாக. "உள்ள தண்ணி வந்துடும்."