‘டர்ன் அவுட்’டுக்குப் பொருள் கேட்டவர்

தலைமை ஏற்றிருக்கும் சின்னுசாமி அவர்களே, மலையிறங்கி வந்திருக்கும் குண்டனி நாட்டு மக்களே, காளப்பநாயக்கன்பட்டி ஜமாத்துப் பெரியவர்களே, சாகிபின் துணைவியார் மரியாதைக்குரிய ஜொஹ்ரா அம்மையாரே, வணக்கம்.

துரைமார் முகாமில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பென்ஷன் பெற்று, பேரப்பிள்ளைகளைக் கொஞ்சி, நிறைவாகக் கண்மூடினார் நம் ஜனாப் ஜாபர் அலி சாகிப். அவரோடு அதே முகாமில் எழுத்தராக இருந்தவன் இந்த அர்த்தனாரி. அழுவதற்காக நான் எழுந்து நிற்கவில்லை. அவரால் பிழைத்த ஊரைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

இங்கிலீஷில் ‘டர்ன் அவுட்’ என்று ஒன்று உண்டு. விளக்கை அணைப்பதும் அதுதான். ஆட்களைத் திரட்டுவதும் அதுதான். குடியிருப்பவரை வெளியே துரத்துவதும் அதுதான்! என்ன செய்வது?

அம்மை பரவிய வருஷம். புதிதாக வந்த துரை குதிரையேறும்போது, குண்டனி நாட்டு ஜனங்களைக் காலையில் ‘டர்ன் அவுட்’ செய்யும்படி சொல்லிவிட்டு அடுத்த முகாமுக்குப் போய்விட்டார். காட்டு எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம். ரேஞ்சர் அதைத் துரத்தச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார். விடிந்ததும் அவருடைய ஆட்கள் வீடுகளைப் பிரிக்கக் கூரைமேல் ஏறிவிட்டார்கள். ஊராருக்கு உத்தரவைத் தமிழில் சொல்லும்படி ஜாபர் அலியை முன்னால் நிறுத்தினார்கள்.

கைக்குழந்தையோடு நின்ற பாவாயி அம்மாள் கேட்டார்: “ஏனுங்க, ஊட்டைப் பிரிக்கத் துரையே சொன்னாருங்களா?”

“எனக்கு நிச்சயமாத் தெரியலீங்க. கேட்டுட்டு வாரேன்.”

துரையின் சொல்லைச் சந்தேகித்தால் வேலை போய்விடும் என்று ரேஞ்சர் எச்சரித்தார். தாம் வரும்வரை ஒரு புல்லையும் உருவ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, மழையிலேயே நடந்தார் ஜாபர் அலி.

துரைக்குக் கோபம். இங்கிலீஷ் தெரியாமலா சம்பளம் வாங்குகிறாய் என்றார்.

“தெரியும், துரை. அதனால்தான் கேட்கிறேன்.”

அம்மை குத்த டாக்டர் வருகிறார், அதற்காக ஜனங்களைத் திரட்டத்தான் சொன்னேன் என்று சொல்லி, துரை தாமே குதிரையில் திரும்பி வந்தார். கூரைமேல் இருந்தவர்கள் இறங்கினார்கள். நாடே திரண்டு ஊசி போட்டுக்கொண்டது. அந்தக் கைக்குழந்தை மாணிக்கம் இதோ பேரனோடு உட்கார்ந்திருக்கிறார்!

நல்லபடியாக முடிந்தது என்பதையும் துரை அன்று ‘டர்ன் அவுட்’ என்றே சொன்னாராம். “அர்த்தனாரி, இது நாலாவது,” என்று சாகிப் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பிறகும் சந்தை நாளில் புளியமரத்தடியில் அமர்ந்து, சர்க்கார் உத்தரவுகளுக்குப் பொருள் சொல்லிவந்தார். அந்த இடம் காலியாகக் கிடக்கலாமா? அடுத்த சந்தையிலிருந்து நான் அங்கே இருப்பேன். உங்கள் உத்தரவுகளைக் கொண்டு வாருங்கள். எனக்குப் புரியாததை, அவரைப் போல, நடந்துபோய்க் கேட்டு வருகிறேன்.